சண்டை போட்டு எடுத்த வீட்டில் தூக்கம் வரவில்லை

ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 25. சொந்த ஊர் அருமனைப் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியலில் ஆய்வு மாணவி. எம்.எஸ்சி. முடிக்கும்வரை ஹாஸ்டலில் இருந்தேன். ஆய்வில் சேர்ந்த பிறகு லேபை விட்டுக் கிளம்பவே ராத்திரி எட்டாகிவிடும். ஹாஸ்டலில் ஆறரைக்கு கேட் அடைத்துவிடுவார்கள். தினமும் வார்டனுக்குக் கடிதம் எழுதி அலுத்துப்போனது. உதவித்தொகை வரத் தொடங்கியதும் தனியாக வீடு எடுக்கலாம் என்று நினைத்தேன்.

வீட்டில் பெரிய சண்டை. கல்யாணம் ஆகாத பிள்ளை தனியாக இருந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று அம்மா. "ஒரே மாசத்துல அழுதுட்டு வந்து நிப்பா, பாருங்க" என்று அண்ணன். மதினி மட்டும் என் பக்கம். அப்பா ஒன்றும் பேசவில்லை. கடைசியில் அட்வான்ஸ் பணத்தில் பாதியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வெட்டூர்ணிமடத்தில் ஒரு மாடி போர்ஷன் கிடைத்தது. அதற்குள் எத்தனையோ பேர் "ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார்கள். வீடு நல்ல வீடுதான். காற்று வரும், தண்ணீர்க் கஷ்டம் இல்லை. ஆனால் நான்கு மாதமாகியும் எனக்கு அங்கே ஒட்டவில்லை. ராத்திரி சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ரெண்டு அட்டைப்பெட்டி இன்னும் பிரிக்கவே இல்லை. சனிக்கிழமை ஊருக்குப் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். அம்மா கட்டிக் கொடுக்கும் மீன் கறி செவ்வாய்வரை வரும். அப்புறம் பல நாள் சாயாவும் ரசவடையும்தான் ராத்திரிச் சாப்பாடு. அம்மா போனில் கேட்டால் தோசை சுட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மா நல்லவர்தான், ஆனால் நான் இல்லாதபோது மாற்றுச்சாவி போட்டு உள்ளே வருகிறார். ஒருநாள் லேபிலிருந்து வந்து பார்த்தால் என் போர்வை மடித்து வைத்திருந்தது.

ஞாயிறு திரும்பி வரும்போது மார்த்தாண்டத்தில் பஸ் மாறும்போதே மனசுக்குள் வெப்ராளம், ஒரு படபடப்பு, தொடங்கிவிடுகிறது. லேபில் இருக்கும்வரை ஒன்றும் இல்லை, சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இது டிப்ரஷனா? திரும்ப ஹாஸ்டலுக்கே போய்விடட்டுமா? போனால் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

ஆலோசகர் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன். பழகாத இடத்தில் படுக்கும்போது மூளை முழுதாகத் தூங்குவதில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். புது இடத்தின் முதல் இரவில், ஆழ்ந்த தூக்கத்தின்போதும் மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிட விழிப்பாக இருந்தது. பழக்கமில்லாத ஒலிக்கு அது சட்டென்று பதில் கொடுத்தது. சில நாள் கழித்து அதே இடத்தில் அதே ஆட்கள் மறுபடி தூங்கியபோது அந்த வித்தியாசம் இல்லை. ஆகவே முதல் வாரம் நீங்கள் எழுந்து உட்கார்ந்ததில் ஆச்சரியம் இல்லை. நான்கு மாதம் கழித்தும் உட்காருகிறீர்கள் என்றால், காவல் காக்க வேறு ஏதோ இருக்கிறது.

அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த வீட்டுக்கு என்று நீங்கள் விரும்பி வாங்கிய ஒரு பொருளைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. அண்ணன் சொன்னது மட்டும் வார்த்தை மாறாமல் இருக்கிறது. வீட்டை ஒரு வழக்கு மாதிரி நடத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வழக்கு நடக்கும்போது நம் பக்கத்துப் பலவீனத்தை யாராவது வெளியே சொல்வார்களா? அதனால்தான் சுடாத தோசையைச் சுட்டதாகச் சொல்கிறீர்கள். ராத்திரி பயமாக இருந்தது என்பதையும் சொல்வதில்லை, சொன்னால் தோற்றதாகிவிடும் என்று. தனியாக இருப்பதைவிட, தனியாக இருப்பதன் கஷ்டத்தை யாரிடமும் சொல்ல முடியாததுதான் உங்களை இப்படி அலுக்க வைக்கிறது.

கஷ்டத்தைச் சொல்வது ஒன்று, திரும்பி வருகிறேன் என்று சொல்வது வேறு. இந்த இரண்டையும் பிரித்து அம்மாவுக்குப் பழக்குங்கள். "அம்மா, நேத்து ராத்திரி தூக்கமே வரல்ல" என்று சொல்லுங்கள். "வந்துரு மக்களே" என்றுதான் பதில் வரும். நம் பக்கத்து அம்மாக்களுக்கு வேறு பதில் தெரியாது. "வரல்ல அம்மா, சும்மா உங்ககிட்ட சொன்னேன்" என்று நிறுத்திவிடுங்கள். முதல் சில தடவை அம்மா பதறத்தான் செய்வார்கள், அண்ணன் காதுக்கும் போகும். போகட்டும். நீங்கள் புலம்பிவிட்டு மறுநாளும் அங்கேயே இருப்பதை அவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அப்போதுதான் உங்கள் புலம்பலில் ஆபத்து இல்லை என்பது அவர்களுக்கும் புரியும், உங்களுக்கும் புரியும்.

அம்மா அந்த வீட்டில் ஒரு ராத்திரியாவது தங்கியிருக்கிறார்களா? கடிதத்தில் இல்லை, இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை நீங்கள் போகாமல் அவர்களை வரச் சொல்லுங்கள், மதினியையும் கூட்டி வரச் சொல்லுங்கள். வீட்டை ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டு அழைக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பெட்டிகளை அவர்களே பிரிக்கட்டும். அடுப்படியில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அம்மாவோடு ஒரு சின்னச் சண்டை வரும், வரட்டும், ஆனால் கடைசியில் நீங்கள் சொன்ன இடத்தில் வையுங்கள். அப்பாவைத் தனியாக அழைக்க மறக்காதீர்கள். பாதி அட்வான்ஸ் கொடுத்தவர் வீட்டைப் பார்க்க வேண்டாமா?

வாரம்தோறும் ஊருக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் எல்லா வாரமும் போனால் நாகர்கோவிலில் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமலேயே போய்விடும். லேபிலிருந்து வந்து படுத்து எழுந்து ஓடும் நாட்கள் மட்டும்தான் அந்த வீட்டோடு இருக்கும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இருந்து பாருங்கள். காலையில் வடசேரிச் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி, மத்தியானம் ஒரு அவியலும் சோறும் வைத்து, லேபில் உங்களோடு சிரித்துப் பேசும் யாரையாவது சாப்பிடக் கூப்பிடுங்கள். சமையல் சுமாராக இருந்தால் போதும்.

பகலில் வீட்டில் இருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வேலைக்கும் உதவும். ராத்திரி எழுப்பும் சத்தங்கள் எவை என்று வெளிச்சத்தில் கண்டுபிடியுங்கள். கீழ்வீட்டு மோட்டாரா, தகர ஷீட்டில் விழும் தென்னமட்டையா, டேங்க் நிரம்பி வழிவதா? நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருஷத்தில் பாதி மாதம் கூரைமேல் ஏதாவது சத்தம் இருக்கும். இன்னது என்று தெரிந்த சத்தத்துக்கு மூளை அவ்வளவாக எழுந்து உட்காராது. கதவுக்கு உள்பக்கம் ஒரு நல்ல தாழ்ப்பாளும் போட்டுக்கொள்ளுங்கள். பயத்தைத் தெளிய வைப்பதில் என்னைவிட ஆசாரி கெட்டிக்காரர்.

அந்தப் போர்வை விஷயத்தை லேசாக விட எனக்கு மனமில்லை. வீட்டுக்கார அம்மா பிரியமாகவே செய்திருக்கலாம். ஆனால் யார் எப்போது உள்ளே வருவார்கள் என்று தெரியாத வீட்டில் உடம்பு அசந்து தூங்காது. கோபப்படாமல் சொல்லுங்கள்: "அம்மா, நான் இருக்கும்போது வாங்க, சாயா போட்டுத் தாறேன். இல்லாதப்போ திறக்கணும்னா ஒரு போன் பண்ணுங்க." பெரும்பாலும் இது போதும். போதாவிட்டால், வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், உரிமையாளர் உள்ளே வருவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சட்டத்தை முதல் பேச்சிலேயே எடுக்காதீர்கள். கையில் இருக்கட்டும்.

இது டிப்ரஷனா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து நான் நோய் சொல்ல மாட்டேன். லேபில் சிரிக்க முடிகிறது, வேலை நடக்கிறது, கலக்கம் குறிப்பாக ஞாயிறு சாயங்காலமும் ராத்திரியும் வருகிறது. இதெல்லாம் ஆறுதலான செய்தி. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடந்தால், பிடித்த வேலையும் பிடிக்காமல் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வந்தால் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

ஹாஸ்டலுக்குத் திரும்புவதா என்ற முடிவை மட்டும் ஞாயிறு ராத்திரியில் எடுக்காதீர்கள். மேலே சொன்னதையெல்லாம் ஒரு மூன்று மாதம் செய்து பாருங்கள். அப்புறம் ஏதாவது ஒரு புதன்கிழமை மத்தியானம், வயிறு நிறைந்திருக்கும்போது யோசியுங்கள். அப்போதும் போகலாம் என்று தோன்றினால் போங்கள். அண்ணன் சிரித்தால் ஒரு வாரம் சிரிப்பார். காலி செய்வதை மட்டும் வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், அட்வான்ஸைச் சிக்கலில்லாமல் வாங்க அது உதவும்.