ஒரு ஆளின் கடதாசி ஒரே கட்டில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கம்பனி மைக்ரோசொப்ட் 365க்கு மாறியபோது தொழிலாளர் பைல்களை எல்லாம் ஸ்கேன் செய்து, ஆபிஸ் பைல்களை இணையத்தில் வைக்கும் மைக்ரோசொப்ட் தளமான ஷெயார்பொயின்டில் போட்டோம். வருடத்துக்கு ஒரு போல்டர், அதற்குள் சேமலாப நிதி, பணிக்கொடை, பேறுகாலம் என்று தனித்தனியாக. இப்போது கொழும்பிலிருந்து எல்லாவற்றையும் 'டொக்கியுமன்ட் செட்'டுக்கு மாற்றச் சொல்கிறார்கள். போல்டர் போதாதா? இது இரட்டை வேலையாகத் தெரிகிறதே!
தலைமைக் கிளார்க், மஸ்கெலியா

பதில்: வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கொழும்பு சொல்வது சரி. நானும் தோட்டத்து ஆபிஸ் மேசையில் இருந்தவள் என்பதால், உங்கள் மேசையிலிருந்தே சொல்கிறேன்.

ஓய்வுபெறப் போகும் ஒரு அம்மா ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறார். அவருடைய சேவைக்காலப் பணத்தைக் கணக்குப் பார்க்க உங்களுக்கு என்னென்ன வேண்டும்? வேலைக்குச் சேர்ந்த திகதி, கடைசிச் சம்பளம், அடையாள அட்டை, செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு) பதிவு, இடையில் பிரிவு மாறியிருந்தால் அந்தக் கடிதம். நீங்கள் சொன்ன அமைப்பில் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடத்துப் போல்டரில் கிடக்கின்றன. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். சேர்ந்த திகதியைக் காட்டும் கடதாசி கிடைக்காமல் இரண்டு வருடம் குறைந்தால், அந்த அம்மாவுக்கு 28 நாள் சம்பளம் போய்விடும். கடதாசி தொலைந்திருக்கவே தேவையில்லை, நேரத்துக்குக் கண்ணில் படாவிட்டாலே போதும்.

நம் தோட்டங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. கை மாறும்போது பைலும் மாறியது. பெயர் இன்னொரு தலைவலி. செக்ரோலில் 'லெட்சுமி', அடையாள அட்டையில் 'லக்ஷ்மி', சேமலாப நிதிப் பதிவில் தகப்பன் பெயரோடு சேர்த்து ஆங்கிலத்தில் வேறு எழுத்து. மூவரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கவேண்டி வருகிறது. பிறகு அந்தச் சத்தியக் கடதாசியையே எந்தப் போல்டரில் போட்டோம் என்று தேடுகிறோம்.

டொக்கியுமன்ட் செட் இங்கேதான் உதவுகிறது. பார்வைக்கு அதுவும் போல்டர் மாதிரித்தான். வித்தியாசம் என்னவென்றால், அந்தக் கட்டுக்கே சொந்தமாக விவரங்கள் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு செட். அதன் மேல் பதிவு இலக்கம், அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், வழங்கும் பெயர், பிரிவு, சேர்ந்த திகதி ஆகியவற்றை ஒரு முறை எழுதுகிறீர்கள். அவற்றை 'ஷெயார்ட் கொலம்' என்று குறித்துவிட்டால், உள்ளே போடுகிற ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதே விவரம் தானாக ஒட்டிக்கொள்ளும். பெயரைத் திருத்தினால் எல்லா ஆவணத்திலும் திருந்தும். தனி ஆவணத்துக்குள் போய் அந்த விவரத்தை ஒருவர் மாற்றி வைக்கவும் முடியாது, செட்டில்தான் மாற்றலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. சரியான விவரம் பரவுவது போலவே பிழையும் பரவும். சேர்ந்த திகதியை ஒருவர் அடிக்க, இன்னொருவர் மூலப் பத்திரத்தைக் கையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

புதிய ஆள் சேரும்போது செட் ஒன்றைத் திறந்தால், சேர்வுப் படிவம், பயனாளி நியமனப் படிவம் போன்ற வெற்றுப் படிவங்கள் தாமாகவே உள்ளே வந்து உட்காரும்படியும் செய்யலாம். செட்டின் பெயர் ஒவ்வொரு படிவத்தின் பெயரிலும் முன்னால் சேரும்படி வைக்கவும் வழி உண்டு. ஒரே பெயரில் ஐம்பது 'படிவம்1' கிடக்கிற கஷ்டம் உங்களுக்குத் தெரியும்தானே, அது ஒழியும்.

மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்காதீர்கள். அடுத்த இரண்டு வருடத்தில் ஓய்வுபெறப் போகிறவர்களின் பெயர்ப்பட்டியலை எடுத்து, அவர்களிலிருந்து தொடங்குங்கள். அவர்களுக்குத்தான் அவசரம். பழைய போல்டரிலிருந்து எடுக்கும்போது 'மூவ் டு' கொடுத்து நகர்த்துங்கள். டவுன்லோட் செய்து மறுபடி ஏற்றினால், அந்த ஆவணத்தை யார் எப்போது மாற்றினார்கள் என்ற பதிப்பு வரலாறு கூட வராது. அப்புறம், அந்தத் தளத்தில் டொக்கியுமன்ட் செட் வசதியை முதலில் திறந்துவிட வேண்டும். அது உங்கள் கையில் இல்லை, கம்பனியின் ஐடி ஆளிடம் கேளுங்கள். கேட்கும்போதே, எந்தெந்த விவரம் ஷெயார்ட் கொலமாக வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். கொழும்பில் இருப்பவருக்கு 'வழங்கும் பெயர்' என்றொரு கட்டம் தேவை என்று தோன்றாது. உங்களுக்குத் தோன்றும்.

கேள்வி: அக்கா, எங்கள் பெக்டரி ஆபிஸில் தேயிலை இன்வொய்ஸ் (ஏலத்துக்கு அனுப்பும் ஒரு தொகுதித் தேயிலை) ஒவ்வொன்றுக்கும் ஒரு டொக்கியுமன்ட் செட் முன்பிருந்தே இருக்கிறது. திறந்தால் மேலே புரோக்கர் விவரம், கீழே பைல்கள் என்று அழகான முகப்பு வரும். இப்போது செட்டை எல்லாம் புதிய திரைக்கு மாற்றப் போகிறார்களாம். பெரிய கிளாக்கர் ஐயா பழையதையே விடச் சொல்கிறார். என்ன செய்வது?
அலுவலக உதவியாளர், பண்டாரவளை

பதில்: தங்கச்சி, ஐயா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. டொக்கியுமன்ட் செட் ஷெயார்பொயின்ட் 2010இல் வந்த வசதி. 2016இல் நூலகத்தின், அதாவது பைல்களை வைக்கும் இடத்தின், திரை புதிதான பிறகும், செட்டைச் சொடுக்கினால் பல வருடம் பழைய பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது. அந்தப் பழைய பக்கத்தில் கைவேலை செய்து அலங்கரித்தவர்கள் ஏராளம். ஆனாலும் நான் மாற்றத்தின் பக்கம். புதிய திரைக்கு மாறுங்கள்.

காரணம் உங்கள் வேலையிலேயே இருக்கிறது. ஒரு இன்வொய்ஸுக்குள் என்ன இருக்கும்? அனுப்பிய பத்திரம், சாம்பிள் விவரம், புரோக்கரின் மதிப்பீடு, விற்ற பிறகு வரும் அக்கவுன்ட் சேல், அதாவது விற்பனைக் கணக்குப் பத்திரம். பழைய முகப்பில் ஒரு இன்வொய்ஸை அழகாகப் பார்க்கலாம். ஆனால் துரை (தோட்ட மனேஜர்) கேட்பது வேறு: "போன மாதம் பிஓபி ரகத் தேயிலை எந்தப் புரோக்கரிடம் என்ன விலைக்குப் போனது? எதற்கு இன்னும் அக்கவுன்ட் சேல் வரவில்லை?" புதிய திரையில் கிரேட் (தேயிலை ரகம்), புரோக்கர், விற்பனை இலக்கம், விலை ஆகியவற்றைக் கொலங்களாக வைத்தால், எல்லா இன்வொய்ஸையும் ஒரே பட்டியலில் பார்த்து வடிகட்டலாம். செட்டுக்குள் போனாலும் நூலகத்தின் அதே திரைதான். பைலை இழுத்துப் போடலாம், விவரங்களைப் பக்கத்துப் பலகையிலேயே திருத்தலாம்.

1883இலிருந்து நடக்கும் கொழும்புத் தேயிலை ஏலமே 2020 ஏப்ரலில் கொரோனா நேரத்தில் ஒன்லைனுக்குப் போனது. ஏலம் திரையில் நடக்கும்போது பெக்டரியின் கடதாசியும் அதே வேகத்தில் கைக்கு வரவேண்டும். இதை ஐயாவிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார்.

மாறுவதற்கு முன் ஒரே ஒரு செட்டை வைத்துச் சோதித்துப் பாருங்கள். முகப்பில் எழுதி வைத்திருந்த குறிப்புகளில், புரோக்கர் பெயர் மாதிரி இன்வொய்ஸுக்கு இன்வொய்ஸ் மாறுவது கொலமாக வேண்டும். எப்போதும் மாறாத அறிவுறுத்தலை ஒரு சிறிய பைலாக எழுதி, புதிய செட் திறக்கும்போது தானாக வரும்படி வையுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காத வசதி. செட்டை முழுதாக ஒரு பதிப்பாகப் பிடித்து வைக்கலாம். அக்கவுன்ட் சேல் வந்து கணக்கு முடிந்த அன்று அப்படிச் செய்துவிடுங்கள். பிறகு யாராவது உள்ளே ஒரு பைலை மாற்றினாலும், முடித்த அன்று கட்டு எப்படி இருந்தது என்பது அப்படியே இருக்கும். ஓடிட் வரும்போது இதன் அருமை தெரியும்.

கேள்வி: எங்கள் இன்வொய்ஸ், கடித இலக்கங்களில் எல்லாம் சாய்கோடு இருக்கிறது. செட்டுக்கு அந்தப் பெயரை வைக்க விடமாட்டேன் என்கிறதே?
கிளார்க், பதுளை

பதில்: விடாது. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி இவை பெயரில் வரக்கூடாது. சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு போடுங்கள். மூல இலக்கத்தை அப்படியே ஒரு கொலத்தில் எழுதி வைத்தால் தேடும்போது கிடைக்கும். போல்டர் பெயர், பைல் பெயர் எல்லாம் சேர்த்து 400 எழுத்துக்கு மேல் போகவும் கூடாது. தமிழில் நீளமாகப் பெயர் வைப்பவர்கள் கவனியுங்கள்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் 'கி' கணினிக்கு இரண்டு.

கேள்வி: நாங்கள் தோட்டப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் சிறிய சங்கம். ஷெயார்பொயின்டுக்குக் காசு இல்லை. இலவசக் கூகுள் ட்ரைவில் இதே மாதிரிச் செய்ய முடியுமா?
செயலாளர், ஹட்டன்

பதில்: ஷெயார்ட் கொலம் கிடைக்காது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு போல்டர் என்ற முறையை இன்றைக்கே தொடங்கலாம். ஒரு கூகுள் ஷீட் திறந்து, வரிக்கு ஒரு பிள்ளை: பெயர், பாடசாலை, வகுப்பு, பாதுகாவலர், கடைசியில் அந்தப் போல்டரின் லிங்க். விவரம் எல்லாம் ஷீட்டில் மட்டும் இருக்கட்டும், போல்டர் பெயரில் திணிக்க வேண்டாம். ஒரே கடிதம் இரண்டு பிள்ளைக்குப் பொருந்தினால் பிரதி எடுக்காதீர்கள். 2020 செப்டெம்பர் கடைசியிலிருந்து ட்ரைவில் ஒரு பைல் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும், மற்ற இடத்தில் ஷோர்ட்கட் போடலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்தது வேறு. ட்ரைவ் கணக்கு போன வருடத்துப் பொருளாளரின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக் கணக்கில் போட்ட பைல் அந்த ஆளுக்கே சொந்தம். அவர் வெளிநாடு போய், இரண்டு வருடம் அந்தக் கணக்கை யாரும் தொடாவிட்டால் கூகுள் அதை அழிக்கலாம். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை இரண்டு பொறுப்பாளர்கள் வைத்துக்கொண்டு, இந்த மாதக் கூட்டத்துக்கு முன் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அத்தோடு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் வங்கிப் புத்தகப் படத்தையும் வட்ஸ்அப் குழுவில் போடுவதை நிறுத்துங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேறு வழியில்லாமல் நம்மை நம்பிக் கொடுத்த கடதாசிகள் அவை.

கேள்வி: தொழிற்சங்க அலுவலகத்தின் பழைய கடிதங்கள் எல்லாம் ஷெயார்பொயின்டில் இருக்கின்றன. தமிழில் தேடினால் ஒன்றும் வருவதில்லை. திறந்தால் தமிழ் நன்றாகத் தெரிகிறது!
ஓய்வுபெற்ற ஆசிரியர், தலவாக்கலை

பதில்: ஐயா, அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. இலங்கை முழுக்க ஆபிஸ்களில் வருடக்கணக்காகப் பாமினிதான் ஓடியது. அதில் திரையில் 'த' என்று தெரிவது பைலுக்குள் ஆங்கில 'ஜே' எழுத்து. எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. நீங்கள் இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடில் 'தலவாக்கலை' என்று தேடினால், உள்ளே அப்படி ஒரு சொல்லே கிடையாது.

எல்லாக் கடிதத்தையும் மாற்றத் தேவையில்லை. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, முக்கியமான உடன்படிக்கைகளை மட்டும் அப்படி மாற்றுங்கள். தொழிலாளர் பெயர் உள்ள கடிதங்களை வெளித் தளங்களில் ஒட்டாதீர்கள். மற்றவற்றை ஒரு பிணக்குக்கு ஒரு செட் என்று கட்டி, தோட்டத்தின் பெயர், பிணக்கு என்ன, வருடம், முடிவு ஆகியவற்றை யூனிகோடில் செட்டின் மேல் எழுதுங்கள். உள்ளே இருக்கும் கடிதம் பாமினியிலேயே இருந்தாலும், மேலே எழுதிய விவரத்தால் தேடலில் அகப்படும். இதை உங்களைப் போல் பழைய பிணக்குகளை நேரில் அறிந்தவர்கள்தான் செய்யலாம். எந்தக் கடிதம் எந்தப் பிரச்சினையைச் சேர்ந்தது என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் சொல்லச் சொல்ல அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்டர்நெட் லைன் அடிக்கடி போகும் இடம் எங்களுடையது. செட்டுகளைக் கணினிக்கே இறக்கி வைத்து வேலை செய்யலாமா? தவறி அழித்துவிட்டால்?
கிளார்க், நானுஓயா

பதில்: ஒன்ட்ரைவ் மூலம் ஒத்திசைத்து வைக்கலாம். ஆனால் கணினியில் அது வெறும் போல்டராகத்தான் தெரியும், கொலங்கள் தெரியாது. ஆகவே கடிதம் எழுதுவது, ஸ்கேன் போடுவது இவற்றைக் கணினியில் செய்யுங்கள். புதிய செட் திறப்பதையும் விவரம் மாற்றுவதையும் லைன் இருக்கும்போது பிரவுசரில் செய்யுங்கள். கணினியில் அழித்தால் ஷெயார்பொயின்டிலும் அழியும். 93 நாளுக்குள் தளத்தின் ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.