வீடு முழுக்கச் சளி: என்ன குடிக்கலாம், என்ன சாப்பிடலாம்?

தம்பி, வெளிநாடு வந்து மூன்று மாதத்துக்குள் வீட்டில் நாலு பேருக்கும் மாறி மாறிச் சளி, மருத்துவர் மருந்து எழுதாமல் "நிறையக் குடிக்கக் கொடுங்கள்" என்று அனுப்பிவிட்டார், எதைக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் முதல் குளிர்காலமும் இப்படித்தான் போனது. பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு வருஷத்தில் 6, 8 தடவை சளி பிடிப்பது சகஜம். வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

எதைக் குடித்தாலும் சூடாகக் குடியுங்கள். 2008இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஒரே பழபானத்தைச் சூடாகவும் ஆறவைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கொழுகல், இருமல், தும்மல் இரண்டிலும் தணிந்தன. தொண்டை வலி, குளிர், அசதி மூன்றும் சூடாகக் குடித்தவர்களுக்குத்தான் தணிந்தன. இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரோ, எலுமிச்சை பிழிந்து தேன் கலந்ததோ, பிடித்ததைக் குடிக்கலாம். பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

தேன் இரவு இருமலுக்கு நல்லது, படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி கொடுங்கள். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் அந்தப் பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ மட்டும்தான், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. மூக்கடைத்துப்போய், தம்ளரை வாயில் வைத்தாலே மூச்சு முட்டித் தள்ளிவிடுவாள். மடியில் சாய்த்துக்கொண்டு காய்கறி சூப்பை ஒரு கரண்டி ஊட்டுவேன், அவள் வாயால் மூச்சு விட்டு முடிக்கக் காத்திருப்பேன், அப்புறம் அடுத்த கரண்டி. சின்னக் கிண்ணம் காலியாக ஒரு மணி நேரம் ஆனது. சாயங்காலம் அவளே எழுந்து சிறுநீர் கழிக்கப் போனபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

சாப்பாட்டுக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். குழைந்த கஞ்சி, மசித்த பருப்பு, அவித்த முட்டை, எது இறங்குகிறதோ அது போதும். பால் சளியைக் கூட்டும் என்பது உண்மை இல்லை, கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சு உள்ளிழுத்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்று. உதவிக்கு ஆள் இல்லாத ஊரில் சமைக்கிறவரும் படுத்துவிட்டால் திண்டாட்டம்தான். உடம்பு நன்றாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலேயே ஒரு பெரிய பாத்திரம் சூப் வைத்து, ஆறியதும் ஒருவேளை அளவாகச் சின்ன டப்பாக்களில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். சளி வந்த அன்று எடுத்துக் கொதிக்கவிட்டால் போதும்.