வீட்டு விருந்துக்கு வந்தவர் வழுக்கி விழுந்தால் வீட்டுக் காப்புறுதி பணம் தருமா?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தீபாவளிக்கு நாற்பது பேரை அழைக்கிறோம். யாருக்காவது அடிபட்டால் நாங்கள் எடுத்திருக்கும் தீக் காப்புறுதி கைகொடுக்குமா?

கொடுக்காது. நாற்பது பேர் என்பதைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் மாமியார்தான் பட்டியல் போடுகிறார் என்று தோன்றுகிறது. ஆகவே உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வீவக கடன் உள்ளவர்கள் கட்டாயமாக எடுக்கும் அந்தத் தீக் காப்புறுதிக்கு ஐந்தாண்டுக்குப் பத்து வெள்ளிகூட ஆகாது. அந்தக் காசுக்கு, கழகம் கட்டித் தந்த சுவரும் கதவும் தீயில் போனால் சரிசெய்து தருவார்கள். நீங்கள் வாங்கிப் போட்ட சோபாகூட அதில் சேராது. அதில் உட்கார வருபவர் எங்கே சேரப்போகிறார்? மத்திய சேமநிதியின் வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே என்று என் கணவர் கேட்டார். பெயர்தான் அப்படி. கடன் கட்டுபவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ வீட்டுக் கடனை அடைப்பது அது.

தனியாக வாங்கும் வீட்டுக் காப்புறுதியில்தான் பெரும்பாலும் ‘மூன்றாம் தரப்பினருக்கான சட்டப் பொறுப்பு’ என்ற பிரிவு இருக்கும். எங்களிடம் அது இருந்தது. இருந்தும் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

2021 தீபாவளிக்குக் கோவிட் கட்டுப்பாட்டால் ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 2 விருந்தினர்தான். அந்தக் குறையைத் தீர்ப்பதுபோல 2022-இல் எல்லாரும் வந்தார்கள். பண்டோங் பானத்துக்காக வைத்திருந்த ஐஸ் பெட்டி சமையலறை வாசலில் கசிந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன். மகனிடம் துடைக்கச் சொன்னேன். அவன் “இதோ அம்மா” என்றான், கண் கைப்பேசியில். பாயசக் கிண்ணத்தோடு வந்த பெரியம்மா ஈரத்தில் கால் வைத்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னது: “எல்லாம் எங்கள் தப்புதான் பெரியம்மா, செலவு முழுக்க நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” வீட்டுக்கு அழைத்தவள் வேறு என்ன சொல்வாள்?

மறுவாரம் காப்புறுதி நிறுவனத்தை அழைத்தேன். பேசிய தம்பி இரண்டே கேள்விகள் கேட்டார். உங்கள் பெரியம்மா உங்களிடம் இழப்பீடு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாரா? நீங்கள் தப்பை ஒப்புக்கொண்டு ஏதாவது வாக்குக் கொடுத்தீர்களா? நிறுவனத்தைக் கேட்காமல் தப்பை ஏற்கவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்று பாலிசியில் இருக்கிறதாம். இருந்தது, பொடி எழுத்தில்.

ஒருவர் விழுந்தார் என்பதற்காக இந்தப் பிரிவு பணம் தராது. அவர் விழுந்ததற்குச் சட்டப்படி நீங்கள் பொறுப்பு என்றால்தான் தரும். விருந்தாளி விழுந்தாலே வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார் என்பதும் சரியல்ல. 2013-இல் இங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இடத்துக்காரரின் பொறுப்பையும் பொதுவான கவனக்குறைவுச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. நியாயமான கவனம் எடுத்தீர்களா என்பதுதான் கேள்வி. கசிவைக் கண்ணால் பார்த்தும் துணியை எடுக்காதவள் நான். யார் தப்பு என்று பார்க்காமலே விருந்தினரின் சிறு மருத்துவச் செலவைத் தரும் பிரிவு அமெரிக்க வீட்டுப் பாலிசிகளில் உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று இருந்துவிடாதீர்கள். என் பாலிசியில் இல்லை.

ஆக, பணம் வர வேண்டுமென்றால் பெரியம்மா என்மேல் எழுத்தில் குற்றம் சாட்ட வேண்டும். தயங்கித் தயங்கிக் கேட்டேன். “நான் தூக்கி வளர்த்த பிள்ளைமேல் நானே புகார் எழுதுவதா?” என்று அழுதே விட்டார். பேச்சு அங்கேயே நின்றது. மருத்துவமனைக் கட்டணத்தில் பெரும்பகுதியை மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதியும் அவருடைய மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் ஏற்றன. மிச்சத்தை நாங்கள் கட்டினோம்.

விபத்தில் காசு பார்க்க நினைத்தாள் என்று எழுத வருபவர்களுக்கு: வந்திருந்தால் ஒரு வெள்ளிகூட என் கைக்கு வந்திருக்காது, எல்லாம் பெரியம்மாவுக்குத்தான். இதைப் பெரியம்மா மகனிடம், அதாவது என் அண்ணனிடம், மூன்று முறை சொல்லிவிட்டேன். அவர் ஊரெல்லாம் வேறு கதை சொல்கிறார். இந்த அண்ணன் வருடா வருடம் வெறுங்கையோடு வருவார் என்று சொன்னால் பொய். நான்கு காலி டப்பாக்களோடு வருவார். பிரியாணிக்கு இரண்டு, கோழிக்கு ஒன்று, நான்காவதை ஆட்டிறைச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறப்பார். அம்மாவை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகும் டப்பாவை மறக்கவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

உங்கள் பாலிசியை எடுத்துச் சட்டப் பொறுப்புத் தொகை எவ்வளவு, யார் யாருக்குப் பொருந்தாது என்று பாருங்கள். உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தாரைப் பொதுவாக விலக்கியிருப்பார்கள். விருந்தன்று யாராவது விழுந்தால் முதலில் ஆம்புலன்சுக்கு 995. வாக்குறுதியெல்லாம் நிறுவனத்திடம் பேசிய பிறகு. சொல்வது எளிது, எனக்கே இன்னொரு முறை வாய் நிற்குமா என்று தெரியவில்லை.

ஐஸ் பெட்டியை இப்போது குளியலறையில் வைக்கிறோம். போன தீபாவளிக்கு அண்ணன் வரவில்லை. பெரியம்மா வந்தார், நான்கு டப்பாக்களோடு.