தாலி கட்டிக்கொண்டு ஃபியான்சே விசாவில் அமெரிக்கா போகலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. வீடு தண்டையார்பேட்டை, வேலை பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில். நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் அமெரிக்க சிட்டிசன், கிறிஸ்தவர். போன வருடம் சென்னை வந்து எங்கள் வீட்டில் எல்லோரையும் பார்த்துவிட்டுப் போனார். ஃபியான்சே விசா போட்டு என்னை அழைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அம்மாவோ, "தாலி ஏறாமல் பொண்ணை அனுப்ப மாட்டேன், திருவொற்றியூர் கோயிலில் சிம்பிளாகக் கட்டிவிட்டுப் போகட்டும், பதிவெல்லாம் அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யக்கூடாது. அம்மா கேட்பதில் தப்பில்லை, மாப்பிள்ளை சொல்லும் விசாவிலும் தப்பில்லை. இரண்டையும் சேர்த்தால்தான் வில்லங்கம்.

ஃபியான்சே விசா எனப்படும் கே-1, இன்னும் கல்யாணம் ஆகாதவர்களுக்கானது. அமெரிக்காவில் இறங்கி 90 நாளுக்குள், மனுப் போட்ட அதே நபரைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்பதுதான் அதன் அடிப்படை. மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் நடத்தும் அதிகாரிகள் நம் ஊர் கல்யாணப் படங்களை நிறையப் பார்த்தவர்கள். மஞ்சள் கயிறு, காலில் மெட்டி, மாலையோடு இருவரும் நிற்கும் போட்டோ, "திருமண அழைப்பிதழ்" என்று அச்சடித்த பத்திரிகை, இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் "உங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே" என்று மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். சரி, அப்படியே மனைவி என்ற வகையில் விண்ணப்பிக்கலாம் என்றால், கையில் பதிவுச் சான்றிதழ் இருக்காது. உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். அவர் கிறிஸ்தவர் என்பதால் கோயிலில் கட்டிய தாலி மட்டும் உங்களைச் சட்டப்படி மனைவி ஆக்காது. ஆக, அந்த விசாவுக்கு நீங்கள் கல்யாணம் ஆனவர், இந்த விசாவுக்கு ஆகாதவர். நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களில் யாருக்காவது மாப்பிள்ளை அமெரிக்க சிட்டிசனான தமிழ் இந்துப் பையன் என்றால், இன்னும் கவனம் தேவை. 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம், இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவாக இருக்கிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் இரண்டு இந்துக்கள் மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் போட்டுக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ அது தமிழ்நாட்டில் செல்லுபடியாகும் திருமணம். மோதிரம்கூட! அதனால் கே-1 வழியில் போகிறவர்கள் நிச்சயதார்த்தம் வைத்தால் பூ வைப்பது, தட்டு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பேனரிலும் பத்திரிகையிலும் "நிச்சயதார்த்தம்" என்றே இருக்கட்டும். மேடையில் மாலை மாற்றச் சொல்லி போட்டோகிராபர் ஆசைப்படுவார். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்களுக்கு இருக்கும் இரண்டு வழிகள். ஒன்று, இங்கே எதுவும் செய்யாமல் கே-1-ல் போய் அங்கே கல்யாணம். இன்னொன்று, இங்கேயே சட்டப்படி கல்யாணம் செய்து, மனைவியாக சிஆர்-1 விசாவில் போவது. என்னைக் கேட்டால் உங்கள் வீட்டு நிலவரத்துக்கு இரண்டாவதுதான் சரி. அம்மாவைச் சமாதானப்படுத்த மட்டும் இதைச் சொல்லவில்லை.

கே-1-ல் போனவர் கல்யாணம் முடிந்த பிறகு கிரீன் கார்டுக்குத் தனியாக ஐ-485 மனுப் போட வேண்டும். அது நிலுவையில் இருக்கும்போது, வேலை அனுமதி அட்டை வரும்வரை ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியாது. அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதி வாங்காமல் நாட்டை விட்டு வெளியேறினால், கிரீன் கார்டு மனுவையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். தண்டையார்பேட்டையில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தால் அடுத்த விமானத்தில் ஏற முடியாது. நீங்கள் இன்று சொந்தக் காலில் நிற்பவர். அந்தக் காத்திருப்பு உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிஆர்-1-ல் போனால் விமான நிலையத்தில் முத்திரை விழும்போதே கிரீன் கார்டுக்காரருக்கான வசிப்புரிமை வந்துவிடும். மறுநாளே வேலை தேடலாம், ஊருக்கும் வந்து போகலாம்.

பணத்திலும் வித்தியாசம் உண்டு. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி கே-1 மனுவுக்கு 675 டாலர், விசாவுக்கு 265, பிறகு ஐ-485-க்கு 1,440. மொத்தம் 2,380. மனைவி வழியில் ஐ-130 மனு காகிதத்தில் போட்டால் 675, விசாவுக்கு 325, ஸ்பான்சர் பத்திரப் பரிசீலனைக்கு 120, கடைசியில் கார்டுக்கு 235. மொத்தம் 1,355. மருத்துவப் பரிசோதனைச் செலவு இரண்டிலும் தனி. மனுப் போடும் அன்று கட்டணத்தை அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். "கே-1 சீக்கிரம் வரும்" என்று அவர் சொல்லலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் கிரீன் கார்டு கையில் வரும் நாள் வரை கணக்கிட்டால் அந்த லாபம் கரைந்துவிடும்.

இங்கே கல்யாணம் என்றால் உங்களுக்குப் பொருந்துவது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மதம் மாறத் தேவையில்லை. இருவரில் ஒருவர் 30 நாளாவது அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும், அதற்கு நீங்கள் போதும். தண்டையார்பேட்டையில் உங்கள் தெரு எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறது என்பதைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள். இருவரும் கையெழுத்திட்ட நோட்டீஸைக் கொடுத்தால் அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாளில் ஆட்சேபம் வரவில்லை என்றால், நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் நோட்டீஸ் காலாவதி, மறுபடி முதலிலிருந்து. ஆகவே அவர் ஒரு மாதத்துக்கு மேல் தங்கும்படி லீவு போட வேண்டும், அல்லது இரண்டு முறை வர வேண்டும். இதை அவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

அவர் திருமணமாகாதவர் என்பதற்குச் சான்று கேட்பார்கள். அப்படி ஒரு சான்றிதழை அமெரிக்க அரசு தருவதில்லை. ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி, அவரே உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை பெற வேண்டும். முன்பு கல்யாணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் நகலும் வேண்டும்.

பதிவு முடிந்த அதே வாரத்தில் தாலி, மெட்டி, பந்தி எல்லாம் அம்மா இஷ்டப்படி நடக்கட்டும். கே-1-ஐக் கெடுக்கக்கூடிய அதே ஆல்பம் இங்கே உங்களுக்குச் சாதகம். இரு வீட்டாரும் கலந்துகொண்ட உண்மையான கல்யாணம் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சிதான். நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாவிட்டால் கார்டு இரண்டு வருடத்துக்குத்தான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கார்டு தொடர்வதற்காக இருவரும் சேர்ந்து ஐ-751 மனுப் போட வேண்டும். காலண்டரில் குறித்து வையுங்கள், மறப்பவர்கள் நிறையப் பேர்.

டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த எண்ணத்தை மறைத்து நுழைவது பொய்த் தகவல் கொடுப்பதாகும், அந்தக் கறை நிரந்தரமாகத் தடுக்கும். இன்னொன்று, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் கே-1 மனுப் போடவே முடியாது, அது சிட்டிசனுக்கு மட்டும். மனுப் போடும் தேதிக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்கவும் வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் பழகிய "மாப்பிள்ளை", கஸ்டம்ஸில் பார்சல் மாட்டிக்கொண்டது என்று பணம் கேட்டால், பேச வேண்டிய இடம் சைபர் கிரைம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அங்கே போன பிறகு கணவர் கொடுமை செய்தால், அவர் தயவில்லாமல் மனைவியே தனியாகக் கிரீன் கார்டுக்கு மனுச் செய்ய அமெரிக்கச் சட்டத்தில் வழி உண்டு, 'வாவா' என்பார்கள். "என் பேச்சைக் கேட்காவிட்டால் நாடு கடத்திவிடுவேன்" என்ற மிரட்டலுக்குப் பயந்து யாரும் அடிவாங்க வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும் இரண்டு தாள்கள் வேண்டும், அவற்றை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். முதலில் பாஸ்போர்ட். நம் ஊர்ப் பழக்கப்படி இனிஷியலோடு ஒரே பெயராக இருந்து, முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களில் ஒன்று காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகிவிடும், பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று எல்லா இடத்திலும் அதை விளக்க வேண்டி வரும். மனுப் போடுவதற்கு முன்பே அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். அடுத்தது பிறப்புச் சான்றிதழ். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி போன்ற ஆஸ்பத்திரிகளில் பிறந்த பலருக்குக் குழந்தையின் பெயர் ஏறாத பழைய சான்றிதழ்தான் வீட்டில் இருக்கும். உங்களுடையதிலும் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், ஆஸ்பத்திரி எந்த மண்டலத்தில் வருகிறதோ அந்த மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பெயர் சேர்க்க விசாரியுங்கள். அங்கே பள்ளிச் சான்றிதழையும் ஆதாரையும் கேட்பார்கள், பாஸ்போர்ட்டையும் சேர்த்து மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.