பிடியே சிற்றூருக்குக் குடிவரவிருக்கும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கோலாலம்பூரில் மளிகைக்கடை நடத்திவரும் உங்கள் கணவர், கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தின் பிடியே மாவட்டத்திலுள்ள தம் பிறந்த ஊருக்கே திரும்பிவிட எண்ணுகிறார் என்றும், ஆறு வயது மகளோடு அந்தச் சிற்றூரில் உங்களால் வாழ முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மின்சாரம், தண்ணீர், மருத்துவம், பள்ளி, கசையடிச் சட்டம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "மாமியார் வீட்டில்தான் தங்கப்போகிறோம், அதனால் வீட்டைப் பற்றிக் கவலை இல்லை" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். காயல்பட்டினத்தில் பிறந்து, ஆச்சேக்காரரை மணந்து, இதே மாவட்டத்தில் நெடுநாளாகக் குடியிருக்கும் நான் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கடைசி வரிக்குத்தான்.

இங்கே வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மகளுக்குத் திருமணம் ஆனால் மாப்பிள்ளைதான் அவள் வீட்டுக்கு வருவார். வசதியுள்ள பெற்றோர் அவளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக் கொடுப்பார்கள். வசதி குறைந்தவர்கள் தாங்கள் வாழும் வீட்டையே அவளுக்கு விட்டுக்கொடுத்து ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்வார்கள். பிடியே ஆண்கள் தலைமுறை தலைமுறையாக வெளியூருக்கு வணிகம் செய்யப் போகிறவர்கள். அவர்கள் மேடானிலும் மலேசியாவிலும் கடை நடத்த, வீட்டையும் வயலையும் ஊரில் இருந்து காப்பவர்கள் பெண்கள். எங்கள் காயல்பட்டினத்திலும் வீடு பெண்களுக்கே என்பதால் எனக்கு இது வந்தவுடனேயே விளங்கியது. ஆனால் நீங்கள் திருச்சியில் வளர்ந்தவர். மருமகள் என்ற உரிமையோடு மாமியார் வீட்டு அடுப்படிக்குள் நுழைவது உங்களுக்கு இயல்பாகத் தோன்றும். இங்கே அந்த அடுப்படி உங்கள் நாத்தனாருடையது. உங்களை அன்போடு வரவேற்பார்கள், நல்ல மீனை உங்கள் தட்டில்தான் வைப்பார்கள். ஆனால் விருந்தாளியாகத்தான் வைப்பார்கள். மாதங்கள் நீளும்போது, யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லாமலேயே, நாத்தனாருக்கு வர வேண்டிய வீட்டை நீங்கள் அடைத்துக்கொண்டிருப்பதாக ஊர் நினைக்கத் தொடங்கும். மாமியார் நல்லவரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சொத்து அப்படிப் பிரிகிறது. ஆகவே சில மாதங்கள் மட்டும் அங்கே தங்கி, அதற்குள் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ தனி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். கட்டுவது பிறகு.

கட்டுவதற்கு முன் ஒரு சட்டச் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை நிலம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. திருமணத்துக்குப் பின் வாங்கும் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து என்பதால், வெளிநாட்டவரை மணந்த குடிமகனுக்கும் அந்த உரிமையில் சிக்கல் வந்துவிடுகிறது. சொத்தைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் ஒப்பந்தம் ஒன்றுதான் இதற்கு வழி. முன்பு அதைத் திருமணத்துக்கு முன்பே எழுத வேண்டியிருந்தது. அரசியல் சாசன நீதிமன்றம் 2016இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, திருமணமானவர்களும் நோட்டரி ஒருவரிடம் எழுதிப் பதிவு செய்யலாம். அப்படி எழுதினால் வீடு சட்டப்படி உங்கள் கணவர் பெயரில் மட்டுமே இருக்கும் என்பதை நன்றாக உணர்ந்துகொண்டு கையெழுத்திடுங்கள். வீடு பெண்ணுக்கே என்னும் ஊரில், ஊரில் வீடில்லாத ஒரே மனைவியாக நீங்கள் இருக்க நேரலாம். இதற்கு ஈடாக மகள் பெயரில் எதைச் செய்யலாம் என்பதைக் கணவரோடு கடல் கடக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். தந்தை வழியில் இந்தோனேசியக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு அந்நாடு பதினெட்டு வயது வரை இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. எந்தக் கடவுச்சீட்டு என்பதையும் அந்தப் பேச்சிலேயே முடிவு செய்யுங்கள்.

கட்டத் தொடங்கும்போது இரண்டு பேரிடர்களை மனத்தில் வையுங்கள். 2016 டிசம்பர் 7 அன்று விடியற்காலையில், பக்கத்து மாவட்டமான பிடியே ஜாயாவில் 6.5 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; செங்கல் கடைவீடுகளும் பள்ளிவாசல்களும் சரிந்து விழுந்ததே பெருங்காரணம். 2025 நவம்பர் இறுதியில் புயல் மழையால் வந்த பெருவெள்ளம் அதே மாவட்டத்தில் பல ஊர்களைச் சேற்றில் புதைத்தது. பழைய ஆச்சே வீடுகள் ஆள் உயரத்துக்கு மேலான மரத்தூண்களின் மீது, ஆணியில்லாமல் முளையும் ஆப்பும் கொண்டு பொருத்தப்பட்டவை. நிலம் ஆடும்போது அவையும் சேர்ந்து அசைந்து கொடுக்கும், வெள்ளம் வந்தால் அடியில் ஓடிப்போகும். இன்று பெருமைக்காக எல்லோரும் செங்கல்லும் துத்தநாகத் தகடும் கொண்டு தரையோடு கட்டுகிறார்கள். மர வீட்டுக்கு இப்போது மரம் கிடைப்பது அரிது என்பதையும் நான் அறிவேன். செங்கல்லில்தான் கட்டுவீர்கள் என்றால், தூணிலும் விட்டத்திலும் கம்பி கட்டும் வேலை நடக்கும் நாள்களில் உங்கள் கணவரை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள். ஆற்றங்கரை மனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மின்சாரம் எல்லா ஊர்களுக்கும் வந்துவிட்டது. முன்பணம் கட்டினால் தரும் குறியீட்டு எண்ணை மீட்டரில் அழுத்த வேண்டும், அவ்வப்போது மின்வெட்டு உண்டு. குளிக்கவும் துவைக்கவும் கிணறு, குடிக்கப் பெரிய கேனில் நிரப்பித் தரும் தண்ணீர், சமைக்க மூன்று கிலோ எரிவாயு உருளை, போக்குவரத்துக்கு மோட்டார் சைக்கிள். நீங்கள் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு வருவது நல்லது, ஏனெனில் ஊர்களுக்கிடையே ஓடிய சிற்றுந்துகள் குறைந்துகொண்டே வருகின்றன.

அன்றாட வாழ்வின் பாரம் வேறிடத்தில் இருக்கிறது. ஊர் உங்களை அளப்பது, அடுத்தவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நீங்கள் வந்தீர்களா என்பதை வைத்துத்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே அங்கே கூடும். ஏழு நாள் வரை இரவில் ஓதுவார்கள். பெண்கள் அரிசியோ சர்க்கரையோ பணமோ கொண்டுபோய், கொடுத்துவிட்டுத் திரும்பாமல், உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். திருமணத்துக்கும் அப்படியே. நாற்று விடும் முன் வயலில் கந்தூரி என்னும் பொது விருந்து நடக்கும். அதற்குப் பின், நீர்ப்பாசனத்தைப் பார்க்கும் கெஜ்ருன் பிளாங் சொல்லும் நாளில்தான் எல்லோரும் வயலில் இறங்குவார்கள், உங்கள் கணவர் மலேசியாவில் எவ்வளவு பெரிய கடைக்காரராக இருந்திருந்தாலும். கந்தூரியில் பெரிய கொப்பரை இறைச்சிக் குழம்பை ஆண்களே காய்ச்சுவார்கள் என்பது உங்களுக்குப் புதுமையாக இருக்கலாம். மசாலா அரைப்பதும் நறுக்குவதும் பெண்கள் பக்கம். அழைப்பை எதிர்பார்த்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஊர்த் தொழுகைக்கூடமான மெனாசாவின் ஒலிபெருக்கியில் இறப்புச் செய்தி சொன்னாலே அதுதான் அழைப்பு.

மலேசியாவிலிருந்து திரும்பியவர் கையில் பணம் இருக்கும் என்று எல்லோரும் நம்புவார்கள், கடன் கேட்பார்கள், மெனாசாவுக்கும் கேட்பார்கள். மெனாசாவுக்கு முடிந்ததைக் கொடுங்கள். கடனுக்கு ஓர் எல்லையை முதல் மாதமே வைத்துவிடுங்கள். ரமலானுக்கும் இரு பெருநாள்களுக்கும் முந்திய மெகாங் நாளில் ஒவ்வொரு வீட்டிலும் இறைச்சி வேகும், விலை மிகவும் ஏறும், பிள்ளைகள் தாய்க்கும் மருமகன்கள் மாமியாருக்கும் இறைச்சி வாங்கிக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஏழை வீட்டு ஆண்கள் அந்த நாளுக்காகவே மாதக்கணக்கில் சேமிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவை உங்கள் ஆண்டுக் கணக்கில் எழுதி வையுங்கள்.

மலாய் தெரிந்திருப்பதால் அலுவலகத்திலும் பள்ளியிலும் உங்களுக்கு இடர் இல்லை. வீடுகளில் பேசுவது ஆச்சே மொழி; மூத்த பெண்கள் பலர் வேறெதிலும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். அதைக் கற்க எனக்குத் தெரிந்த நல்ல இடம், எம்பிங் தட்டும் திண்ணை. மெலிஞ்சோக் கொட்டையைச் சூடான மணலில் வறுத்து, தோலை நீக்கி, சூடு ஆறுமுன் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி அப்பளம்போல் ஆக்குவார்கள்; பெருனுன் பக்கத்து ஊர்களில் பெண்களின் கைச்செலவு பெரும்பாலும் இதிலிருந்துதான். பிற்பகல் முழுவதும் கை வேலை செய்யும், வாய் பேசும். ஒரு சுத்தியலோடு நீங்களும் போய் உட்காருங்கள்.

கசையடிச் சட்டம் பற்றி அஞ்சியிருக்கிறீர்கள். 2014இல் இயற்றப்பட்ட குற்றவியல் கானூன், அதாவது ஆச்சேயின் மாநிலச் சட்டம், மது, சூதாட்டம், ஒருவரையொருவர் மணக்காத, நெருங்கிய உறவும் இல்லாத ஆணும் பெண்ணும் தனித்திருத்தல் முதலியவற்றுக்குத் தண்டனை விதிக்கிறது. குடும்பத்தோடு வாழும் பெண்ணின் அன்றாடத்தை அது தொடும் இடம் தனித்திருத்தல்தான். கணவர் வெளியூர் போயிருக்கும்போது மின்பழுது பார்க்க ஓர் ஆள் வந்தால் கதவைத் திறந்து வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து உங்கள் அண்ணனே வந்து தங்கினாலும், 24 மணி நேரத்துக்குள் ஊர்த்தலைவரான கெச்சிக்கிடம் பெயர் கொடுத்து, உறவைச் சொல்லிவிடுங்கள். வெளியே வரும்போது தலைமறைப்பும் தளர்ந்த உடையும் வேண்டும். மக்கள் முன்னிலையில் நடக்கும் கசையடியைப் பார்க்க நான் போவதில்லை, என் பிள்ளைகளை அனுப்புவதும் இல்லை. ஒருவரின் அவமானத்தைக் கூட்டம் கூடிப் பார்ப்பதில் நன்மை இருப்பதாக நான் கருதவில்லை. சந்தேகத்தின் சுமை ஆண்களைவிடப் பெண்கள் மீது கூடுதலாக விழுகிறது என்பதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். மற்றபடி தொழுகையும் நோன்பும் நாம் பழகிய ஷாஃபிஈ முறையில்தான் நடக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவிடமிருந்து பிரிந்து தனி நாடு கேட்டுப் போராடிய விடுதலை ஆச்சே இயக்கம் 1976 டிசம்பர் 4 அன்று பிடியே மலையில்தான் அறிவிக்கப்பட்டது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் உடன்பாடு கையெழுத்தாகும் வரை இந்த மாவட்டம் போரில் வெந்தது. 1989 முதல் 1998 வரை இராணுவ நடவடிக்கைப் பகுதியாக இருந்த காலத்தில் ரூமோ கெடோங் என்னும் வீட்டில் நடந்த சித்திரவதைகள் நாடறிந்தவை. உங்கள் மாமியார் வயதுப் பெண்களுள் கணவரையோ தம்பியையோ இழந்தவர் பலர். இரு தரப்பையும் சேர்ந்த குடும்பங்கள் ஒரே ஊரில் வாழ்கின்றன. யார் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்லத் தொடங்கினால், கைவேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

மருத்துவத்துக்கு ஊரில் மருத்துவச்சியும், துணை மாவட்டத்தில் அரசு சுகாதார நிலையமும், மாவட்டத் தலைநகரான சிக்லியில் மாவட்ட மருத்துவமனையும் உண்டு. சிக்கலான நோய்க்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தள்ளிப் பண்டா ஆச்சேயிலுள்ள ஜைனல் ஆபிதீன் மருத்துவமனைக்குப் போக வேண்டும், பணம் உள்ளவர்கள் பினாங்குக்குப் பறக்கிறார்கள். கணவரையும் மகளையும் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பது தாமதிக்கக் கூடாத வேலை. பள்ளி ஆண்டு ஜூலையில் தொடங்கும், முதல் வகுப்புக்கு ஏழு வயதினருக்கே முன்னுரிமை. மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்குப் பின் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் மார்க்க ஆசிரியரான தெங்குவிடம் ஓதப் போவார்கள். உங்கள் மகளின் முதல் தோழிகள் பள்ளியிலிருந்து அல்ல, அங்கிருந்துதான் கிடைப்பார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் வேலியோரம் வளரும், நம் மாசிக் கருவாட்டைப் போன்ற கெமாமா கிடைக்கும். உளுந்தும் பெருங்காயமும் மட்டும் கொண்டுவாருங்கள். தீர்ந்தால் மேடானில் கம்போங் மெட்ராஸ் கடைகளுக்குச் சொல்லியனுப்பலாம்.

எப்போது வருவது என்று கேட்டால், மெகாங்கை ஒட்டி வராமல், நபிகளின் பிறப்பைக் கொண்டாடும் மவ்லிது காலத்தில் வாருங்கள் என்பேன். இங்கே மவ்லிது ஒரு நாளோடு முடிவதில்லை. மூன்று மாதங்கள், ஊர் ஊராக முறைவைத்து நடக்கும். அப்போது வீடுகள் திறந்தே இருக்கும், யாரும் அறிமுகம் செய்து வைக்காமலேயே நீங்கள் எல்லோரையும் சந்தித்துவிடலாம். வந்த அன்றே திருமணச் சான்றும் கடவுச்சீட்டுகளும் எடுத்துக்கொண்டு கணவரோடு கெச்சிக்கைப் பாருங்கள். வெளிநாட்டில் நடந்த திருமணத்தை இங்கே பதிவு செய்ய நாடு திரும்பியதிலிருந்து ஓராண்டுதான் அவகாசம், அவர் தரும் கடிதத்திலிருந்துதான் மற்ற அலுவலகங்களின் வேலை தொடங்கும்.

இப்படிக்கு,
உங்கள் லாத்தா