பதில்: ஹுமியா ரெட் ஒயின் தொண்டையை எரிக்கிறது, கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை. லேபிளில் ஆல்கஹால் 15% என்று போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். 28 டிகிரி அறையில் வைத்து ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பாட்டிலைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிறுத்துங்கள். 16 டிகிரிக்கு இறங்கினாலே எரிச்சல் பாதி அடங்கும். வெறும் ஐஸ் போதாது, தண்ணீர் இருந்தால்தான் சட்டென்று குளிரும்.

ஹுமியா ஸ்பெயினின் தென்கிழக்கில், ஆண்டுக்குச் சுமார் 300 மி.மீ. மழை மட்டுமே பெய்யும் மேட்டு நிலம். அங்கே கொடியைப் பந்தலில் ஏற்றாமல் புதராகவே விட்டு, இடைவெளி தாராளமாக வைத்து நடுவார்கள். இருக்கிற ஈரத்துக்குப் போட்டி குறையும். அங்கே விளையும் மொனாஸ்ட்ரெல் திராட்சை தாமதமாகப் பழுக்கும், தோல் தடித்த ரகம். தோலின் துவர்ப்பு முதிரும்வரை காத்திருந்தால் சர்க்கரையும் ஏறிவிடும். அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகி, உங்கள் 15% ஆகிறது.

அடுத்த முறை ஏறக்குறைய அதே விலையில் பியெர்சோ பகுதி மென்சியா திராட்சை ஒயினைத் தேடுங்கள். ஸ்பெயினின் வடமேற்கு, அட்லாண்டிக் ஈரம் எட்டும் இடம். பெரும்பாலும் 13% பக்கத்தில் நிற்கும், புளிப்பும் உயிரோடு இருக்கும். ஸ்பெயினின் இன்னொரு ஒயின் பகுதியான ரியோஹா என்றால், லேபிளில் ‘கிரியான்சா’ என்று இருப்பது ஓராண்டாவது ஓக் பீப்பாயில் இருந்தது, அதில் வெனிலா வாடை ஏறும். அந்த வாடை பிடிக்காதென்றால், பீப்பாயில் அதிகம் வைக்காத இளம் ஒயினான ‘ஹோவன்’ எடுங்கள்.

மிச்சத்தைக் கொட்ட வேண்டாம். கார்க்கை அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும்.