ஆர்சிஸ்லாக்: டாலருக்குப் பின்னால் ஒரு புள்ளி

லாக்குகளை வாங்கி ஃபைலில் எழுதும் புரோகிராமான ஆர்சிஸ்லாக்கில், கடலூர் ஆபீஸ் லாக்கும் புதுச்சேரி ஆபீஸ் லாக்கும் தனித்தனி ஃபோல்டரில் விழ ஒரு வேரியபிள் வைத்தால் எரர் வருகிறது என்றீர்கள். கான்ஃபிக் ஃபைலில் வேரியபிளுக்கு மதிப்பு வைக்கும் உங்கள் செட் (set) வரியில் டாலரை ஒட்டி நேராகப் பெயர் வருகிறது, அங்கேதான் இடிக்கிறது, ஏனென்றால் வெறும் டாலர் என்பது ஹோஸ்ட்நேம் மாதிரி லாக்கோடு வரும் சங்கதிகளுக்கு, அதற்கு நாம் மதிப்பு வைக்க முடியாது. சொந்தப் பெயர் என்றால் டாலர், புள்ளி, பிறகு பெயர். புள்ளிக்குப் பதில் $! போட்டால் அந்த லாக்கின் ஜேசான் (JSON) மரத்தில், அதாவது கிளைகிளையாக அடுக்கிய தகவலில், சேரும். $/ எல்லா லாக்குக்கும் பொது, உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம், கடலூர் லாக் புதுச்சேரி ஃபோல்டரில் போய் உட்காரும். வரி முடிவில் அரைப்புள்ளி வையுங்கள். அப்புறம் ஃபோல்டர் பாதையை அமைக்கும் டெம்ப்ளேட்டிலும் அதே பெயர், டாலர் புள்ளியோடு, இரண்டு % நடுவில். நான் அங்கே புள்ளியை விட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்க முழித்தேன்.